கைகள் ஏன் குவியவில்லை?

பேரக்குழந்தைகளோடு தொலைக்காட்சியில் புராணக் கதை காண அமர்கிறோம். கணினி வரைந்த இறைவன் நடந்து வருகிறார். தோலின் நுண்துளைகூடத் தெரிகிறது. ஆயினும் நம் கைகள் குவியவில்லை. அடியேன் இதை முதுமையின் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன்.

இவ்வுறுத்தலுக்கு 1970-ஆம் ஆண்டிலேயே பெயரிட்டவர் ஜப்பானியப் பொறியியல் பேராசிரியர் மசாஹிரோ மோரி. உருவம் மனிதரை ஒத்துவர ஒத்துவர நம் அன்பு பெருகும். முற்றும் ஒப்பதற்குச் சற்று முன்னர் அது பள்ளத்தில் வீழ்ந்துவிடும் என்றார். மெய்க்கை எனக் கருதிச் செயற்கைக் கையைப் பற்றியவர், அதன் குளிர்ச்சியில் துணுக்குறுவதை எடுத்துக்காட்டினார். 2004-இல் வந்த ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தின் குழந்தைகளுக்குக் கண்ணில் உயிரில்லை எனப் பலர் குறைகூறியதும் இவ்வகையே.

நம் சிற்பிகள் அப்பள்ளத்தை நெருங்கவேயில்லை. தாள அளவில் உடலை வகுத்தனர். கயலென விழி செதுக்கினர். மனிதரைப் படியெடுக்க முயலாத அக்கருங்கல்லின் முன் எவர்க்கும் கூச்சமில்லை.

மோரியும் பிற்காலத்தில், உயிருள்ள மனிதரினும் ஈர்ப்புடையது புத்தர் சிலையின் முகமே என எழுதினார்.