441 கோப்புகளுக்குப் பதில் நான்கே கோப்புகள்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் குழந்தைகள் வெட்டும் சுரங்கமும் கட்டும் கோட்டையும் கணினியில் வெறும் எண்களாகத்தான் சேமிக்கப்படுகின்றன. 2010-இல் அந்த உலகம் எல்லையின்றி விரியத் தொடங்கியபோது, அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் ‘சங்க்’. நீளம் 16 கட்டை, அகலம் 16, உயரம் 128; ஆக 32,768 கட்டைகள். ஒவ்வொரு சங்க்கும் ஒரு தனிக் கோப்பு.

வினை அங்கேதான் வந்தது. நாலா பக்கமும் பத்துப் பத்து சங்க் தெரிய வேண்டுமென்றால் 21 x 21, அதாவது 441 கோப்புகளைத் திறந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். கோப்புக்கு ஒரு சுற்று என்றாலே மூன்றரை விநாடி தாண்டிவிடும். அத்தனையும் தேடுவதற்கே போகும் நேரம்.

தீர்வைக் கண்டவர் ஒரு ரசிகர் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர் எழுதிய ‘மெக்ரீஜியன்’ முறையை, 2011 பிப்ரவரியில் வந்த பீட்டா 1.3 பதிப்பில், மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமே சேர்த்துக்கொண்டது. 32 x 32, மொத்தம் 1,024 சங்க்குகள் ஒரே கோப்பில். அந்த 441 சங்க்குக்கும் அதிகம் போனால் நான்கு கோப்புகள் போதும்.

கோப்புக்குள் தேடலே கிடையாது, கணக்குதான். நீங்கள் எக்ஸ் 1000, இசட் 300 என்ற இடத்தில் நிற்கிறீர்கள். 16-ஆல் வகுத்தால் சங்க் எண் 62, 18. அவற்றை 32-ஆல் வகுத்தால் ஈவு 1, 0. அதுவே கோப்பின் பெயர். மீதி 30, 18. பதினெட்டை 32-ஆல் பெருக்கி 30-ஐக் கூட்டினால் 606. ஒரு சங்க்குக்கு நான்கு பைட் வீதம், கோப்பின் தொடக்கத்திலிருந்து 2,424 பைட் தள்ளிப் பார்த்தால் விலாசம் இருக்கும். முதல் மூன்று பைட், சங்க் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும். நான்காவது, அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று.

அந்தப் பதிப்பில் பழைய உலகத்தைத் திறந்தபோது விளையாட்டே அதைப் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டது. ஒரு கட்டைகூட இடம் மாறவில்லை. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. முன்பு ஒரு கோப்பு கெட்டால் ஒரு சங்க்தான் போகும். இப்போது அந்த விலாசப் பட்டியல் சிதைந்தால் 1,024 சங்க்குகளும் சிக்கலில் மாட்டும்.

அடுத்து, 2012 மார்ச்சில் சங்க்கின் உயரத்தை 256 ஆக்கிய ‘ஆன்வில்’ முறை வந்தபோது, மாற்றத்துக்குப் பிறகும் பழைய கோப்புகள் அதே ஃபோல்டரில் அழியாமல் இருந்தன. மாற்றப்பட்ட உலகம் முழுதாகத் திறக்கிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகு அவற்றை நீக்கிக்கொள்ள முடிந்தது.