ஒரு செட் மாத்திரை

"அண்ணே, மேலெல்லாம் வலிக்குது. ஒரு செட் போட்டுக் குடுங்க." மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இதைக் கேட்காமல் ஒரு பொழுதும் போவதில்லை. டாக்டர் சீட்டு இருக்காது. நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, காகித உறையில் போட்டால் அதுதான் செட். வாங்குகிறவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே மருந்து. உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடுதல்.

பெரிதாக இருப்பது பாரசிட்டமால். காய்ச்சலுக்கு நல்ல மருந்து, வயிற்றைப் புண்ணாக்காது. கல்லீரல் அதை உடைக்கும்போது கொஞ்சம் நஞ்சு உண்டாகும்; அதையும் கல்லீரலே சரிக்கட்டிவிடும். அளவு மீறினால்தான் ஆபத்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் உண்டு என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தினமும் குடிக்கிறவர் என்றால் இன்னும் குறைத்துத்தான் போட வேண்டும்.

அடுத்தது டைக்ளோஃபினாக். வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பு சுரக்கவிடாமல் தடுக்கும். இரைப்பையின் உள்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்ப்பதும் அதே பொருள்தான். "ஊசியா போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பார்கள். ஆகும், ரத்தத்தில் கலந்தாலே போதும். மாடுகளுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கு அவ்வளவு கொடிய மருந்தல்ல. ஆனால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற வயசானவர்கள் மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெட வாய்ப்பு அதிகம்.

சளிக்கென்று செட்டில் சேர்க்கும் செட்டிரிசின் தூக்கம் வரவைக்கும், போட்டுவிட்டு பைக் ஓட்டாதீர்கள். கூடவே போடும் ஆன்டிபயாடிக், வைரஸால் வரும் சளிக்கு ஒன்றுமே செய்யாது.

எனக்குக் கோபம் வருவது கடைசியாகப் போடும் பொடி மாத்திரையின் மேல்தான். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மாதிரி ஏதோ ஒரு ஸ்டீராய்டு. ஆஸ்துமாவில் மூச்சுத் திணறுகிறவருக்கு அது உயிர்காக்கும் மருந்து, மறுக்கவில்லை. உடம்புவலிக்கு அது எதற்கு? ராத்திரி போட்டால் காலையில் மூட்டுவலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பாக இருக்கும். ஊரில் சில கடைகளுக்குக் "கைராசி" என்று பேர் வந்த கதை இதுதான். நோய் அப்படியே இருக்க, அழற்சி மட்டும் அடங்கியிருக்கும். மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், தொற்று சுலபமாக ஒட்டும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

அதனால்தான் கன்னம் உப்பி வந்து, "அந்தச் சின்ன மாத்திரை மட்டும் குடுப்பா" என்று கேட்கும் பாட்டிகளிடம், "இன்னையோட நிறுத்துங்க" என்று நான் சொல்வதில்லை. சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். உறையில் பேர் இல்லாததால் எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம் என்றும் தெரியாது. மிச்சமிருக்கும் மாத்திரையோடு அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அளவைப் படிப்படியாகக் குறைத்து, சுரப்பி மறுபடி வேலைக்கு வரும்வரை பார்த்துக்கொள்ள வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.