மாசி மாத உறைபனி: நீர்போக உருளைக்கிழங்கு போடும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. சமவெளியில் இந்தப் பனியை எல்லோரும் வெறுப்பதில்லை. டெல்டாவில் சம்பா அறுத்த தரிசில் உளுந்து, பச்சைப்பயறு தெளித்தவர்கள் பனி நன்றாக இறங்க வேண்டும் என்றுதான் விரும்புவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரமும் இரவில் இறங்கும் பனியும்தான் அந்தப் பயிருக்குத் துணை. அதே வாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர், பூங்கொத்தில் சாம்பல் நோய் வந்துவிடுமே என்று கவலைப்படுவார். பனி ஒன்றுதான். அது வரும்போது பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நன்மையோ தீமையோ செய்கிறது.

காஷ்மீரிலும் இதே கதைதான். அங்கே டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை 'சில்லை கலான்' என்கிறார்கள். அந்த நாட்களில் பனி கொட்டினால் ஆப்பிள் விவசாயிக்கு மகிழ்ச்சி. மலையில் பனி தங்கி, கோடையில் ஓடைகளில் தண்ணீர் வரும். மரத்துக்குத் தேவையான குளிரும் கிடைக்கும். அதே பனி ஏப்ரலில் ஆப்பிள் பூத்திருக்கும்போது விழுந்தால் அந்த ஆண்டு விளைச்சல் போச்சு. காலம் தப்பிய பனிதான் ஆபத்து.

நம் நீலகிரியில் வானத்தில் இருந்து பனி கொட்டுவதில்லை. செய்திகளில் 'பனிப்பொழிவு' என்று எழுதுவது சரியல்ல. காலையில் புல்வெளியில் வெள்ளையாகத் தெரிவது உறைபனி. காற்றில் இருக்கும் ஈரம், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த புல்லிலும் இலையிலும் ஐஸாகப் படிவதுதான் அது. தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் அதைப் படம் எடுக்கச் சுற்றுலாப் பயணிகள் விடியும் முன்பே வந்து நிற்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டவருக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

டிசம்பர், ஜனவரியில் வரும் உறைபனி எல்லோரும் எதிர்பார்ப்பது. அப்போது நிலத்தில் பெரும்பாலும் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு போன்ற குளிர் தாங்கும் பயிர்கள் இருக்கும். இவை லேசான உறைபனியைச் சமாளித்துக்கொள்ளும். படிப்படியாகக் குளிருக்குப் பழகிய செடி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். சிக்கல் பிப்ரவரியில் வருவது. நடுவில் பத்து நாள் வெயில் அடித்து, செடி தளதளவென்று துளிர்த்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு இரவு மறுபடி உறைபனி விழும். அந்த ஒரு இரவு, முந்தைய பத்து இரவுகளைவிட அதிகச் சேதம் செய்துவிடும். இளந்துளிரில் நீர்ச்சத்து அதிகம், குளிருக்குப் பழக்கமும் இல்லை.

தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் பனியும் இருக்கிறது

நீர்போகம் ஜனவரி, பிப்ரவரியில் நடப்படும் பாசனப் பயிர். மழை இல்லாத காலம் என்பதால் ஓடையும் கிணறும் உள்ள பள்ளத்தாக்கு நிலங்களில்தான் போட முடியும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா போன்ற இடங்களைப் பாருங்கள். இருபுறமும் சரிவு, நடுவில் தட்டையான பள்ளம், அதில் தண்ணீர். குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைவிடக் கனமானது. தெளிந்த இரவில் சரிவில் குளிரும் காற்று, தண்ணீர் ஓடுவது போலவே மெல்லக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மேலே சரிவில் ஒன்றும் ஆகாத இரவில் கீழே பள்ளத்தில் பயிர் கருகிவிடும். நமக்குத் தண்ணீர் தரும் நிலமே உறைபனி பிடிக்கும் நிலமாகவும் இருக்கிறது.

சீக்கிரம் நட்டால் சீக்கிரம் தோண்டலாம், வரத்து குறைவாக இருக்கும்போது மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். இந்தக் குளிரில் விதைக்கிழங்கு முளைத்து மண்ணுக்கு வெளியே வர மூன்று முதல் நான்கு வாரம் ஆகும். ஜனவரி 10-ல் நட்டால் பிப்ரவரி முதல் வாரத்தில் இளஞ்செடி வெளியே நிற்கும். பனிக்காலம் அப்போது முடிந்திருக்காது. ஜனவரி கடைசியில் நட்டால் முளை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்போதே ஆபத்தான இரவுகளில் பெரும்பகுதி கடந்துவிடும். எந்த நாளில் நடுகிறோம் என்று பார்ப்பதைவிட, எந்த நாளில் செடி வெளியே வரும் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

எங்கள் கருத்து இதுதான்: உங்களுக்குச் சரிவிலும் பள்ளத்திலும் நிலம் இருந்தால், குழாய் வழியே தண்ணீர் எட்டும் சரிவு நிலத்தில் முதலில் நடுங்கள். பள்ளத்து நிலத்தைக் கடைசிக்கு வையுங்கள். இரண்டு வாரம் தாமதத்தால் விலையில் கொஞ்சம் குறையலாம். விதைக்கிழங்கு, உரம், நடவுக் கூலி எல்லாம் போட்ட பிறகு முளையைப் பனிக்குக் கொடுப்பதைவிட அது மேல். பள்ளத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த உயிர்வேலியோ கரையோ இருந்தால் அது குளிர்ந்த காற்றுக்கு அணை போட்டது போல ஆகிவிடும். கீழ்ப்பக்கத்தில் ஓரிடத்தில் திறப்பு விட்டால் குளிர்காற்று வடிந்து போகும்.

இன்று இரவு பனி விழுமா?

இதைச் சாயங்காலமே ஓரளவு சொல்லிவிடலாம். வானத்தில் மேகம் இல்லை, காற்று அசையவில்லை, பகல் வெயில் வறட்சியாகச் சுள்ளென்று இருந்தது, பொழுது சாய்ந்ததும் சட்டென்று குளிர் ஏறுகிறது என்றால் எச்சரிக்கையாக இருங்கள். மேகம் போர்வை போல நிலத்தின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்று அடித்தால் மேலே உள்ள வெப்பக் காற்று கீழே கலந்துகொண்டே இருக்கும். இரண்டில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வானிலை அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பம் 3 அல்லது 4 டிகிரி என்று சொன்னால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அந்த அளவு தரையில் இருந்து ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில், நிழல் பெட்டிக்குள் எடுக்கப்படுவது. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய இலை அதைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, தோட்டத்தின் தாழ்வான மூலையில் செடி உயரத்தில் ஒரு குச்சியில் கட்டி வையுங்கள். ஒரு பருவம் பார்த்தாலே உங்கள் நிலத்துக்கும் அறிக்கைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

காற்று மிகவும் வறண்டிருந்தால் வெள்ளையாக எதுவும் படியாமலேயே செடி உறைந்துவிடும். காலையில் வயல் பச்சையாகத் தெரியும், பத்து மணிக்குக் கருத்துவிடும். வெள்ளையாகத் தெரியவில்லை என்பதால் பனி இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பாதுகாக்கும் வழிகள்

முதலில் மண்ணைக் கவனியுங்கள். ஈரமான, களை இல்லாத, இறுகிய மண் பகல் வெயிலை உள்ளே வாங்கி வைத்து, இரவில் செடிக்குக் கொடுக்கும். காய்ந்த, புதிதாகக் கொத்திவிட்ட மண்ணில் வெப்பம் தங்காது. ஆகவே பனி எதிர்பார்க்கும் நாளில் காலையிலேயே பாசனம் செய்யுங்கள். மண் நனைந்த பிறகு அதன்மேல் வெயில் பட வேண்டும். அந்த வாரத்தில் களைக்கொத்து வேண்டாம். காய்ந்த புல்லால் மூடாக்குப் போடுவது மற்ற நாட்களில் நல்ல பழக்கம். ஆனால் செடி வெளியே நிற்கும்போது பாருக்கு இடையில் காய்ந்த மூடாக்கு இருந்தால் மண்ணின் வெப்பம் மேலே வராமல் அது தடுத்துவிடும். செடி உறையும். செடியையே மேலே மூடுவது வேறு விஷயம், அது பாதுகாப்பு.

உருளை முளை விரல் உயரத்தில் இருந்தால் மண் அணைத்து முழுவதும் மூடிவிடலாம். மலிவான, நம்பகமான வழி இது. சில நாட்களில் முளை மறுபடி மேலே வந்துவிடும். நாற்றங்கால், சிறிய பாத்தி என்றால் சாக்கு, காய்ந்த புல், நிழல் வலை எதையாவது மாலை வெயில் இருக்கும்போதே போர்த்தி, காலையில் வெயில் ஏறிய பிறகு எடுங்கள். பாலித்தீன் போட்டால் குச்சி நட்டு இலையில் படாமல் போட வேண்டும்.

ஸ்பிரிங்ளர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது பலன் தரும், ஆனால் பாதியில் விட்டால் கெடுதல். 1 லிட்டர் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம்தான் இலையைக் காக்கிறது. அதே 1 லிட்டர் ஆவியாகும்போது சுமார் 600 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே தண்ணீர் தெளிப்பதை நடுவில் நிறுத்தினால், ஈரம் ஆவியாகி இலை முன்பைவிட அதிகமாகக் குளிரும். உறைநிலைக்கு வரும் முன்பே தொடங்கி, வெயில் வந்து ஐஸ் முழுவதும் கரையும் வரை விடாமல் ஓட வேண்டும். அதிகாலையில் மட்டும் தெளித்துப் பனியைக் கழுவுபவர்களும் வெயில் படும் முன்பே தொடங்கி, கரையும் வரை நிறுத்தக் கூடாது. கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை, மின்சாரம் நிற்கும் என்ற சந்தேகம் இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

புகை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பையைக் கொளுத்திப் புகை மூட்டம் போட்டால் மேகம் போல வேலை செய்யும் என்று நம்புகிறோம். புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, நிலத்தில் இருந்து வெளியேறும் வெப்பத்தை அவை தடுப்பதில்லை. காலையில் வரும் வெயிலைத்தான் மறைக்கின்றன. வீண் வேலை.

பனி விழுந்த பிறகு

இலைக்குள் அணுக்களுக்கு இடையே ஐஸ் உருவாகி, அணுவில் உள்ள நீரை உறிஞ்சிவிடுகிறது. கரையும்போது அணுவின் சவ்வு கிழிந்திருக்கும். அதனால்தான் இலை முதலில் வெந்தது போல் தளர்ந்து, பிறகு கருகுகிறது. இதைப் பார்த்துப் பின்பருவ இலைக்கருகல் நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்கள் உண்டு. வித்தியாசம் எளிது. பனிக் கருகல் ஒரே இரவில், தாழ்வான பகுதி முழுவதும், மேலே திறந்திருக்கும் இலைகளில் தெரியும். மேல் இலைக்கு அடியில் மறைந்த இலை பச்சையாகவே இருக்கும். நோய் என்றால் மேகமூட்டமான ஈர நாட்களில் நீர் ஊறியது போன்ற புள்ளியாகத் தொடங்கி, இலையின் அடியில் வெள்ளைப் பூசணத்துடன் நாள்கணக்கில் பரவும். பனிக் கருகலுக்குப் பூசணக்கொல்லி அடிப்பது காசைக் கொட்டுவதுதான்.

முளை கருகியதும் உடனே செடியைப் பிடுங்காதீர்கள். மண்ணுக்குள் விதைக்கிழங்கு கெடாமல் இருந்தால் மற்ற கண்களில் இருந்து துளிர்க்கும். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து, நாலைந்து இடத்தில் தோண்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலுரமாக யூரியா போடுவதைப் புதுத் துளிர் வரும் வரை தள்ளி வையுங்கள். மறுபடி பனி விழுந்தால் அந்த யூரியாவில் வந்த மென்மையான துளிர்தான் முதலில் போகும். சேதம் பெரிதாக இருந்தால் கருகிய வயலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே தோட்டக்கலைத் துறை அலுவலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

தேயிலையில் கருகிய கொழுந்தைப் பனிக்காலம் முடியும் முன் வெட்டிக் கவாத்து செய்ய வேண்டாம். கருகிய மேல் இலைகள் கீழே உள்ள மொட்டுகளுக்குப் போர்வையாக இருக்கும்.

வீட்டோரம் பிளம்ஸ், பேரி மரம் வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி குளிர் வேண்டியதுதான், அது இல்லாமல் மொட்டு ஒழுங்காக விழிக்காது. பூ விரிந்த பிறகு மைனஸ் 2 டிகிரி அளவுக்கு இறங்கினால் பூ சாகத் தொடங்கும். வெளியே இதழ் வெள்ளையாக நன்றாகவே தெரியும். பனி விழுந்த மறுநாள் மதியம் பத்துப் பன்னிரண்டு பூக்களைப் பறித்து நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் உள்ள சூல் பச்சையாக இருந்தால் காய் பிடிக்கும், பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் அந்தப் பூ போய்விட்டது. ஒரே மரத்தில் உயரக் கிளையில் உள்ள பூக்கள் தப்பியிருக்கும், அவற்றையும் தனியாகப் பறித்துப் பார்த்த பிறகு இந்த ஆண்டு காய்ப்பைக் கணக்குப் போடுங்கள்.