தைராய்டுப் புற்றுநோய்: நோயெதிர்ப்பு சிகிச்சை யாருக்குத் தேவை?

மாடம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் குடும்பத்தினர் பலர், தைராய்டுப் புற்றுநோய் என்று அறிந்தவுடன் கேட்பது இதுதான்: "டாக்டர், இம்யூனோதெரபி என்கிறார்களே, அதை அம்மாவுக்குக் கொடுக்கலாமா? நகையை விற்றாவது பணம் கட்டிவிடுகிறோம்." பெரும்பாலும் நாங்கள் தரும் விடை, "தேவையில்லை" என்பதே. அது கைவிரிப்பு அன்று; நற்செய்தி.

தைராய்டுப் புற்றுநோயில் பெரும்பகுதி பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளே. அறுவை சிகிச்சை, தேவைப்படுவோருக்குக் கதிரியக்க அயோடின், அதன்பின் நாள்தோறும் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை: இவற்றாலேயே மிகப் பலர் நலமடைகின்றனர்.

விதிவிலக்கு, அனாபிளாஸ்டிக் என்னும் அரிய வகை. பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோருக்கு வருவது, அயோடினுக்குக் கட்டுப்படாதது. கழுத்துக் கட்டி சில வாரங்களிலேயே பெருத்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டா. திசுப் பரிசோதனையுடன் பிராஃப் மரபணு மாற்றத்தையும் உடனே பார்க்க வேண்டும். அது இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மருந்துகள் பயன்படும்.

நோயெதிர்ப்பு சிகிச்சை பற்றிய பேச்சு இங்குதான் எழுகிறது. நம் வெள்ளணுக்களின் மீது புற்றணுக்கள் போடும் தடையை இம்மருந்துகள் நீக்குகின்றன. இதற்கு வழிவகுத்த ஆய்வுக்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அனாபிளாஸ்டிக் நோயாளிகள் 42 பேருக்கு ஸ்பார்டலிசுமாப் அளித்த ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. நம்பிக்கை உண்டு, உறுதி இல்லை.

செலவும் பெரிது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான மருந்துகளுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்து அளித்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தனர். ஆனால் அம்முடிவை அப்படியே தைராய்டுக்குப் பொருத்த இயலாது.

இச்சிகிச்சை பெறுவோருக்கு விடாத வயிற்றுப்போக்கு, வறட்டு இருமல், மூச்சிரைப்பு, கடும் சோர்வு தோன்றினால், கடையில் மாத்திரை வாங்கிப் பொறுத்திருக்காமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் நம் உறுப்புகளையே தாக்கக்கூடும்.

நகையை விற்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்த வகை? மரபணுப் பரிசோதனை முடிந்ததா? இம்மருந்தால் எதை எதிர்பார்க்கலாம்? அவற்றுக்கு விடை சொல்வது எங்கள் கடமை.