நீவிய கை ஏன் இலேசாகிறது?

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், கல்லில் கால் பதித்து ஆழத்தில் இறங்கியவனின் கீர்த்தியே பெரிதும் பேசப்படினும், கயிறு அசைந்த கணமே தோணியில் நின்றபடி அவனை இழுத்தெடுத்த துணைவனின் புயபலத்தில்தான் அவன் பிராணன் இருந்தது. அவ்வாறு உழைத்து நொந்த கைகளுக்குச் சித்த வைத்தியம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைத் தொக்கணத்தை, அதாவது உடலை நீவிப் பிடிக்கும் முறையை, வகுத்திருக்கிறது. கோவில்பட்டி மைதானத்தில் ஹாக்கி மட்டை பிடித்துச் சோர்ந்த முன்கைக்கும் அதுவே பொருந்தும்.

நீவும்போது நிகழ்வது யாது? உழைத்த தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலம் பிழிந்து வெளியேற்றப்படுகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானே அகன்றுவிடும். மறுநாள் வலிக்குத் தசையிழைகளில் நேர்ந்த நுண்ணிய சேதமே முக்கிய காரணம். விரலின் அழுத்தத்தைத் தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகள் உணர்ந்து தண்டுவடத்துக்கு அறிவிக்க, வேதனை தணிந்து, இறுக்கம் இளகி, வலிக்கு அஞ்சிப் பாதி பலத்தையே செலுத்திய கை தயக்கமின்றி இயங்குகிறது. புதிய பலம் எதுவும் பிறப்பதில்லை. ஆதலால் ஆட்டம் முடிந்தபின், மணிக்கட்டிலிருந்து தோளை நோக்கி நிதானமாக நீவுவதே உத்தமம் என்பேன். வீங்கிச் சூடேறிய இடத்தைத் தொடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.