மூன்று ஏட்டிலும் ஒரே கணக்கு

வங்கியில் கிளவுட் டேட்டா என்ஜினியரிங் குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், என்ன வேலை அது என்று கேட்கத் தயங்கிவிடுகிறோம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் புரிந்துவிடக் கூடியதுதான்.

ஏலக்காயிலிருந்து தொடங்குவோம். இடுக்கி மலையில் விளையும் காய், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு இரண்டு ஊர்களில் வருகிறது: மேலே புத்தடி, கீழே போடிநாயக்கனூர். 2021-இல் இந்த ஏலம் கிளவுடுக்கு மாறியதும், ஒரு ஊரில் நடக்கும் ஏலத்துக்கு மற்ற ஊரில் உட்கார்ந்தபடியே விலை கேட்க முடிந்தது. கிளவுட் என்பது வாடகைக் கம்ப்யூட்டர். மும்பை, ஹைதராபாத், சென்னை போன்ற இடங்களில் பெரிய நிறுவனங்கள் தரவு மையங்கள் வைத்திருக்கின்றன. கூட்டம் கூடினால் அங்கே அதிகம் வாடகைக்கு எடுக்கலாம், குறைந்தால் விட்டுவிடலாம்.

பணத்துக்கு வந்தால் விஷயம் கனமாகிறது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வண்டன்மேட்டுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர், வீட்டுக்கு யுபிஐ-யில் 500 ரூபாய் அனுப்புகிறார். அது மூன்று இடத்தில் பதிவாகிறது: அவர் வங்கி, நடுவில் யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, வீட்டாரின் வங்கி. நடுவில் ஏதாவது தடைபட்டால் இங்கே கழிந்திருக்கும், அங்கே ஏறியிருக்காது. அப்படி நடந்தால் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், கடைக்குக் கட்டியதென்றால் ஐந்து நாளுக்குள். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது.

தவறியதைக் கண்டுபிடிப்பது யார்? மூன்று ஏட்டையும் பரிவர்த்தனை எண்ணை வைத்து ஒப்பிடும் டேட்டா குழுதான். ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் ஒரு முறைதான் எண்ண வேண்டும். தாமதமாக வந்தது அதற்குரிய நாளில் சேர வேண்டும். 2023 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. அத்தனையையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது. அதற்கான விதிகளை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் தலைவரின் முதல் வேலை.

இரண்டாவது வேலை, பொறுப்பு. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு. தொழில்நுட்ப வேலையை வெளியாருக்குக் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்றது 2023 ஏப்ரல் உத்தரவு. ஆகவே யார் எதைப் பார்க்கலாம், கிளவுட் நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால் தரவை எப்படி எடுத்துவருவது என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வங்கிகள் இணையும்போது வருவது. பாலக்காடு, இடுக்கி உட்பட 13 மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் மாநிலக் கூட்டுறவு வங்கியோடு சேர்ந்து 2019 நவம்பரில் கேரள வங்கி ஆயின. இப்படிப்பட்ட இணைப்பு எங்கு நடந்தாலும் பெயர்ப் பட்டியல் சோதித்துவிடும். நாம் இனிஷியலை முன்னால் போடுவோம்; கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். எம். முருகனும் முருகன் எம்.-மும் ஒரே ஆளா? அவசரப்பட்டுச் சேர்த்தால் ஒருவர் சேமிப்பு இன்னொருவர் பெயரில் போய்விடும். சேர்க்காமல் விட்டால் ஒரே ஆளின் இரண்டு கடன்கள் தனித்தனியாகத் தெரியும். பிறந்த தேதி, அடையாள ஆவணம் எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், கிளை ஊழியரிடம் அனுப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

நல்ல தலைவரை இங்கேதான் அடையாளம் காணலாம். கணக்கு ஒத்துவரவில்லையென்றால், மேலிடம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அறிக்கையை நிறுத்திவைக்கும் துணிவு அவருக்கு வேண்டும். பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கோவைக்கும் கொச்சிக்கும் இந்த வேலை தேடிப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்பார்க், காஃப்கா போன்ற டேட்டா கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே பற்று வரவும் கற்றுக்கொள்ளுங்கள். கருவி ஐந்து வருடத்தில் மாறிவிடும், பற்று வரவு மாறாது.

உங்கள் பணம் கழிந்து போய்ச் சேராமல் இருந்தால், செயலியில் தெரியும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள். அந்த எண்ணை வைத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.