தில் டெடி!

‘பெண்களுக்கு மட்டும்’னு தனியா ஷோ போட்டு அரங்கத்தை நிரப்பின பாடகரைத் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? அவர்தான் டெடி பெண்டர்கிராஸ். 1970-களில் அமெரிக்காவின் ‘ஸோல்’ இசையைக் கலக்கிய கறுப்பினப் பாடகர். ‘ப்ளூ நோட்ஸ்’ குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், அங்கேயே மெயின் பாடகரானார். 1977-ல் தனி ஆவர்த்தனம். ஆல்பம் மேல ஆல்பம் பிளாட்டினம்!

1982, மார்ச் 18. சொந்த ஊரான பிலடெல்பியாவில் அவர் ஓட்டிய ரோல்ஸ்ராய்ஸ் கார் மரத்தில் மோதியது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, மார்புக்குக் கீழே எல்லாம் முடங்கிப்போச்சு. அப்போ அவருக்கு வயசு 31.

பாடகருக்கு இது டபுள் அடி. மூச்சை உள்ளே இழுக்க உதரவிதானம் இருக்கு. ஆனா, பாட்டை நீட்டி இழுக்கணும்னா காற்றை அளந்து வெளியே தள்ள வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வேணும். இரண்டுமே ஸ்டிரைக்! தொண்டை நல்லாத்தான் இருக்கு... காத்துக்குத்தான் பஞ்சம்.

‘இனி எதுக்கு வாழணும்?’ என்று டெடி நொறுங்கினார். அவருக்குக் கைகொடுத்த மனநல நிபுணர் டான் காட்லீப்பும் விபத்தில் முடங்கி வீல்சேரில் இருந்தவர். அவர் செய்தது அதிரடி வைத்தியம். டெடி இறந்துவிட்டதாகவே வைத்து, ஒரு ஒத்திகை இறுதிச்சடங்கு! சொந்தபந்தம் கண்ணீரோடு விடை சொல்வதைக் கேட்ட டெடி, ‘வாழ்ந்தே தீருவேன்’னு முடிவெடுத்தார்.

மறுபடி மூச்சுப் பயிற்சி, மறுபடி பாட்டு. 1984-ல் புது ஆல்பம் ரெடி. அதில் கூடப் பாடிய ஒரு புதுப்பொண்ணு, சொந்தமா ஒரு ஆல்பம்கூட அப்போ வெளியிடலை. பேரு, விட்னி ஹூஸ்டன்! 1985 ஜூலையில், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய ‘லைவ் எய்ட்’ மேடைக்கு டெடி வீல்சேரில் வந்தார். பிலடெல்பியா ஸ்டேடியத்தில் சுமார் 90 ஆயிரம் பேர். அவரும் அழ, கூட்டமும் அழ... பாட்டு மட்டும் நிற்கலை!

காசும் புகழும் இருந்த தனக்கே இவ்வளவு கஷ்டம்னா, இல்லாதவங்க கதி? 1998-ல் தன் பெயரிலேயே ‘டெடி பெண்டர்கிராஸ் அலையன்ஸ்’ தொடங்கினார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் படிக்க, வேலைக்குப் போக, சொந்தக் காலில்... இல்லை, சொந்தச் சக்கரத்தில் நிற்க உதவுவதுதான் வேலை. 2007-ல், விபத்தின் 25-ம் ஆண்டைக்கூட விழாவாக்கி அதற்கு நிதி சேர்த்தார். 2010 ஜனவரியில், 59 வயதில் மறைந்தார். வீல்சேரில் வாழ்ந்தது ஏறக்குறைய 28 வருஷம்!

நாளைக்கு காலேஜ் போனதும் சின்னதா ஒரு வேலை செய்யுங்க. கேட்டிலிருந்து உங்க கிளாஸ், லைப்ரரி, கேன்டீன், ஆடிட்டோரியம் மேடை வரைக்கும் எத்தனை படின்னு எண்ணுங்க. பக்கத்தில் சாய்தளம் இருக்கா? இல்லைன்னா, உங்க பேட்ச்சில் ஒரு டெடி சேர்ந்தா அவர் எப்படி மேடை ஏறுவார்?

எண்ணின கையோட, பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுதிடுங்க!